லைட்ஹவுஸ் திறக்கும் வரை

மூன்று மணிக்குத்தான் திறப்பார்களாம். கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் சுருக்கென்று ஏதாவது சொன்னால் இவர் திருப்பிச் சொல்வதில்லை, முகம் மட்டும் சுண்டிப்போகிறது, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஊரையே ஏவிய மனிதர், பிரம்மநாயகம் என்றால் கம்பத்தில் ஏறியவன்கூட நடுங்குவான் என்பார்கள், கட்டிய நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை கொடுத்தவர், இப்போது தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுவரடியில் மண்ணைத் தட்டிவிட்டு, "ஏளா, இங்கன உக்காரு, நெழலு இருக்கு" என்கிறார். நிழல் ஒரு முழம் இருந்தால் அதிகம். இந்த மொட்டைமுனையில் அந்த வெள்ளைக் கோபுரத்தையும் அதைச் சுற்றிய சுவரையும் விட்டால் நிழலுக்கென்று ஒன்றும் கிடையாது. பாறை, செம்மண், மூன்று பக்கமும் கடல், ஒரே ஒரு உடைமரம், அதுவும் காற்றுக்குப் பயந்து தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. நான் குற்றாலத்துப் பக்கம் பிறந்தவள், குழல்வாய்மொழி என்று அம்மன் பெயரையே வைத்தார்கள், இவர் வாயில் அது வெறும் மொழியாயிற்று, ஆனி ஆடிக் காற்றெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் காற்று அடிக்கும், நிற்கும், மரத்தில் கொஞ்சம் உட்காரும், பிறகு அடிக்கும். இது நிற்கவே இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கியதிலிருந்து ஒரே பிடியாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமான புதிதில் திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று, தூரத்தில் அணைந்து அணைந்து எரிந்த வெளிச்சத்தைக் காட்டி, அங்கே ஒரு நாள் கூட்டிப்போங்களேன் என்று கேட்டேன். "அங்க என்ன இருக்கு, காத்துதான் இருக்கு" என்றார். பொய்யில்லை. காற்றுதான் இருக்கிறது. அன்றைக்கு மறுத்தவர் போன வாரம் திடீரென்று, லைட்ஹவுஸ் பார்க்கணும்னு சொன்னியே, போவோமா என்று கேட்டபோது, எனக்கு நாள் அதிகமில்லை என்று தெரிந்துகொண்டேன். தூக்கில் தொங்கப்போகிறவனிடம்தானே கடைசி ஆசையைக் கேட்பார்கள்.

இவர் அன்பாக இருப்பதை வைத்துத்தான் என் வியாதியை நான் முதலில் கண்டுபிடித்தேன், போர்டைப் பார்த்ததெல்லாம் பிறகு. ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர், நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா என்றார். இருந்தேன். இவர் வெளியே வந்தபோது பேனாவைச் சட்டைப் பையில் செருகத் தெரியாமல் கீழே போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அல்சர்தானாம், மாத்திரை போட்டாச் சரியாயிருமாம்" என்றார். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து நான் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை, நான் வாயில் வைத்ததும் துப்பினேன், இவர் இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டு "நல்லாருக்கு" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. உப்பில்லாத சாம்பாரை நல்லாருக்கு என்று இவர் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வந்திருப்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் ஆளுயரத்துக்குப் பெரிய போர்டு. இவர் விறுவிறுவென்று எனக்கு முன்னால் போய் அதற்கு முன் நின்றுகொண்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்கையை அகட்டி, எதையோ வேடிக்கை பார்க்கிற பாவனையில் நின்றார். பாதி எழுத்தைத்தான் மறைக்க முடிந்தது, 'புற்று' என்ற பாதி வெளியே தெரிந்தது. நான் பத்தாவது வரை படித்தவள், பாதியை வைத்துக்கொண்டு மீதியைத் தெரிந்துகொள்ள மாட்டேனா. ஆனாலும் அந்த முழங்கையைப் பார்த்ததும், பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறாரே, இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அன்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் தெரியாதவளாக நடித்துவிட்டால் மறுநாளும் நடிக்கத்தானே வேண்டும். எங்கள் ஜனத்தில் இதுதான் வழக்கம், நோய் வந்தவளிடம் சொல்ல மாட்டார்கள், அவளைத் தவிர ஊருக்கே சொல்வார்கள். பார்க்க வருகிறவர்களை இவர் தெரு முனையிலேயே போய் நிறுத்திப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருவதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறேன். ஹார்லிக்ஸும் கையுமாக நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். உள்ளே வந்ததும், இந்தக் காலத்துல அல்சர் யாருக்குத்தான் இல்ல என்று எல்லாரும் ஒன்றுபோல ஒப்பிப்பார்கள். ஒரு சித்தி மட்டும் என் தோளெலும்பைப் பார்த்ததும் உடைந்துபோய் அழுதாள், பிறகு கண்ணில் தூசி என்றாள். எந்தக் கண்ணில் என்று கேட்டேன். இரண்டிலும் என்றாள்.

சாகிறதைப் பற்றி எனக்கு இப்போது பெரிய பயமில்லை, இருந்த பயமெல்லாம் வலியிலேயே செலவாகிவிட்டது. பயமெல்லாம் தாணுவைப் பற்றித்தான். தாணுமாலயன், ஒரே பிள்ளை, முப்பது தாண்டிவிட்டது, ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அம்ம, பேன், வேண்டாம், இந்த மூன்றுதான் அவன் பாஷை. ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து அது சுற்றுவதையே பார்ப்பான், கரண்டு போனால் அழுவான், மின்வாரிய ஃபோர்மேன் வீட்டுப் பிள்ளைக்கு வந்த கேடு. சோறும் குழம்பும் ஒட்டக்கூடாது, தட்டில் அது அந்த ஓரம், இது இந்த ஓரம், விரல் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும், ஒட்டினால் தட்டு பறக்கும். குளிப்பாட்டும்போது முதல் செம்பைப் பாதத்தில்தான் ஊற்ற வேண்டும், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, அப்படியே கேட்டுக் கேட்டு மேலே ஏற வேண்டும், எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது. நகம் வெட்டுவது அவன் தூங்கும்போது. சவரமும் நான்தான். முடிதிருத்துகிறவர் ஒருமுறை இவனிடம் கடி வாங்கியதோடு கும்பிடு போட்டுவிட்டார், அன்றிலிருந்து என் மடியில் அவன் தலையை வைத்து, ம்ம்ம் என்று மூக்கால் முனகிக்கொண்டே நான் சவரம் செய்ய வேண்டும், முனகலை நிறுத்தினால் தலையைத் திருப்பிவிடுவான், வெட்டிவிடும். ஒரு பெண்பிள்ளை வளர்ந்த ஆம்பிளைக்குச் சவரம் செய்துவிடுகிறாளே என்று முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு அதுவும் ஒரு வீட்டு வேலையாகிவிட்டது. இவர் வீட்டுக்குள் வந்ததும், அவன் சாப்டானா என்று கேட்பார். அதோடு சரி. இவர் கெட்டவரில்லை. இவர் தொட்டால் அவன் விறைத்துக்கொள்கிறான், அவன் விறைத்துக்கொண்டால் இவருக்கு முகம் விழுந்துவிடுகிறது, அப்படியே இரண்டு பேரும் ஒரே வீட்டில் முப்பது வருஷமாக ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். போன மாதம் எனக்குக் கை வலி என்று சொல்லி, நீங்க சவரம் செஞ்சு விடுங்களேன் என்றேன். ரேசரை எடுத்துக்கொண்டு போனார். தாணு இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். "பெறகு பாப்போம்" என்று ரேசரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பிறகு என்பது எனக்கு எங்கே இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல முடிந்தால், இந்தாருங்க, நான் போகப்போகிறேன், இப்படிப் பிடியுங்கள், இப்படி முனகுங்கள் என்று நேராகவே கற்றுக்கொடுத்துவிடுவேன். அல்சர்காரி அதையெல்லாம் எப்படிச் சொல்வாள். அதனால்தான் வந்தேன், வேடிக்கை பார்க்க வரவில்லை. மேலே ஏறியதும், அங்கே தெரு முனையும் இல்லை சொந்தக்காரர்களும் இல்லை, கேட்டுவிட வேண்டும். எனக்குப் பிறகு தாணுவை நீங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பீர்களா. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்.

"எக்கா, மாங்கா தரட்டா?" சுவரின் மறுகோடியில் குடையைக் கல்லில் கட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் மாதா சுரூப டாலர், பெயர் சலேத்தம்மாவாம், இந்தக் கடற்கரைக்காரி. மிளகாய்ப்பொடியைத் தூவவில்லை, உப்போடு தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்திருக்கிறாள், தூவினால் காற்று பக்கத்தில் இருப்பவர் கண்ணில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்கிறாள். இவர் ஓடிப்போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். வயிற்றுக்கு ஆகாது, அல்சர் என்றால் முதலில் மிளகாயைத்தானே நிறுத்துவார்கள், அந்த நினைப்புக்கூட இல்லாமல் என் ஆசைக்கு வாங்கித் தருகிறார், பொய்யை ஒழுங்காகச் சொல்லக்கூடத் தெரியவில்லையே இவருக்கு என்று சிரிப்பு வந்தது, சிரித்தால் விலாவில் குத்துகிறது. சலேத்தம்மா நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். "எங்கனகுள்ள இருந்து வாறிய?" "பாளையங்கோட்ட." "புள்ளைய?" "ஒருத்தன்." "என்ன வேலயில இருக்கான்?" இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் தடுமாறுவேன், இப்போது நல்ல பதில் கிடைத்திருக்கிறது. "வீட்டுல இருந்துதான்" என்றேன். "ஆமா, இப்பம் எல்லாவனும் வீட்டுல இருந்துதான் கம்பியூட்டர்ல தட்டுதானுவ" என்று தலையை ஆட்டினாள். தாணு அங்கே ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு உத்தியோகம் பார்க்கிறான். "கெட்டி வச்சாச்சா?" "இன்னும் இல்ல." "மாதா பாத்துக்கிடுவா" என்றாள். எத்தனை சாமி பார்த்துக்கொள்ளும் என்று எத்தனை பேர் சொல்லியாயிற்று. நான் எந்தச் சாமியிடமும் அவனைக் குணமாக்கு என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன். வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நாள் முன்னால் அவனை எடுத்துக்கொள், ஒரே ஒரு நாள், அவனைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு மறுநாள் நான் வருகிறேன். இப்படி ஒரு வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் யாரும் என்னைத் தாய் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் தாணு மாதிரிப் பிள்ளையைப் பெற்றவள் எவளைக் கேட்டாலும் இதைத்தான் மனசுக்குள் வைத்திருப்பாள், கோயில் வரிசையில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போது அந்த வேண்டுதலும் இல்லாமல் போயிற்று. அவன் கல் மாதிரி இருக்கிறான், ஜலதோஷம்கூட வருவதில்லை. எனக்குத்தான் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது.

அவனையும் கூட்டிக்கொண்டு வருவோம் என்றுதான் நேற்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தேன். காத்துல பயந்துருவான் என்று இவர் ஒரே பிடியாக நின்றார். பயப்பட்டிருப்பானோ என்னவோ, ஃபேன் எங்கே ஃபேன் எங்கே என்று வானத்தைப் பார்த்துத் தேடியிருப்பான். பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெகு கீழே இருக்கிறது, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் அந்த ஓரத்தில், வேண்டாம், அந்த நினைப்பை அதற்குமேல் போக விடமாட்டேன், பிடித்து நிறுத்தினேன், இவர் ஒருவேளை இதற்குத்தான் பயந்தாரோ. காலையில் என் நாத்தனார் உலகம்மையும் அவள் வீட்டுக்காரரும் விடியும் முன்னால் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தாணுவோடு இருக்க அவள் ஒருத்தி போதாதா, அவர் எதற்கு என்றேன். "சும்மா தொணைக்குத்தான் மைனி" என்றாள். கார்தான் நிற்கிறதே, எங்களைக் கொண்டு விடலாமே என்றதற்கு, பஸ்ஸில் போனால்தான் வேடிக்கை பார்க்கலாம் என்றார் இவர். தாணுவுக்கு இட்லியைச் சட்னி படாமல் வைத்துக் கொடுத்துவிட்டு, அம்மா சாயங்காலம் வந்துருவேன் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, வாய்க்குள் இட்லி, கண் மேலே. சற்று முன்னால் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "மைனி, நல்லா சாப்டான், இப்பம் தூங்குதான், நீங்க நிம்மதியாப் பாத்துட்டு வாங்க" என்றாள். தூங்குகிறான். தாணு மத்தியானம் தூங்கமாட்டான். பிறந்ததிலிருந்து தூங்கியதில்லை, நானும் ஒரு மத்தியானம் கண்ணை மூடியதில்லை அவனால். ஒருவேளை காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டதால் அசந்திருப்பான். இல்லை, சீக்கிரம் எழுந்தால் இன்னும் முழித்துக்கொண்டுதான் இருப்பான். காய்ச்சலோ. காய்ச்சல் என்றால் அவள் சொல்லமாட்டாளா. சொல்லமாட்டாள், இந்த வீட்டில் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். போனில் கார் ஓடுகிற சத்தம் கேட்டதே, இல்லை, அது இங்கே அடிக்கிற காற்று. இங்கே அடிக்கிற காற்றுதான். காற்றை நான் பிடித்து வைத்துக்கொண்டு எது அங்கே எது இங்கே என்று பிரித்துப் பார்க்க முடியுமா. "ஏங்க, தாணு தூங்குதானாமே" என்றேன். இவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "தூங்கட்டும், நல்லதுதான்" என்றார். இவர் அப்பா, தாணு மத்தியானம் தூங்கமாட்டான் என்பது இவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வழியில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இவர் துண்டு பறந்துவிட்டது. சுவரில் விரித்து மேலே கல் வைத்திருந்தார், கல்லையும் உருட்டிவிட்டுக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று, இவர் எழுந்து பின்னாலேயே ஓடுகிறார், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழுக்கையை மறைக்கப் பக்கவாட்டிலிருந்து இழுத்து வாரியிருந்த முடி கொடிபோல் நட்டுக்க நிற்க. துண்டு கொஞ்ச தூரம் போய் விழும், இவர் குனிவார், மறுபடி எழுந்து பறக்கும். "விட்டுருங்க!" என்று கத்தினேன். கேட்டாரோ இல்லையோ. பாறை முடிகிற இடத்துக்கு இப்பால் நின்றுவிட்டார், துண்டு கடல் பக்கம் போயிற்று. திரும்பி நடந்து வருவதைப் பார்த்தேன். எவ்வளவு கிழவராகிவிட்டார். நான் என் வியாதியையும் தாணுவையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பாட்டுக்குக் கிழவராகிக்கொண்டிருந்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. முழங்கால் வளைந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறது. இந்தக் கையா நாளைக்கு அவனைப் பிடித்து நிறுத்திப் பாதத்தில் முதல் செம்பை ஊற்றப்போகிறது. கோபப்படலாம் என்றால் யார்மேல் படுவது. "புதுத் துண்டுலா" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார், நான் என் முந்தானையால் இவர் முகத்தைத் துடைத்துவிட்டேன், வெயிலும் உப்பும் பிசுபிசுவென்று. கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். எனக்கு இவர்மேல் ஆசையாக இருந்தது, இத்தனை வயதுக்கு மேல், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு. கூடவே பயமாகவும் இருந்தது. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். கேட்காமலே இருந்தால், பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடலாம். அப்படி மூடினவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அது எனக்கு வராது, ஒரு காரியத்தைக் கேட்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை, இந்த ஒன்றைத் தவிர.

கதவைத் திறந்தார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மாவால ஏற முடியுமா?" என்றார். "அதெல்லாம் ஏறுவா" என்றார் இவர், அதிலே ஒரு பெருமை வேறு. உள்ளே கால் வைத்ததும் காற்று நின்றுவிட்டது. கதவைச் சாத்தியதும் இவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் போய், என் மூச்சும் இவர் மூச்சும் செருப்புச் சத்தமும் மட்டும். படி வளைந்து வளைந்து போகிறது. கூட்டமாக வந்த காலேஜ் பிள்ளைகள் எங்களைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள், அவர்கள் சிரிப்பு மேலே சுற்றிச் சுற்றிப் போய்த் தேய்ந்தது. ஒரு சின்ன ஜன்னல் வந்த இடத்தில் என்னால் முடியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் கீழ்ப் படியில் நின்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார், நான் உருண்டுவிடுவேன் என்று. மேலே போய்க் கேட்கலாம் என்று வைத்திருந்தது இங்கேயே வந்துவிட்டது. "தாணுவ நீங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுவியளா?" "இப்பம் என்னத்துக்கு இந்தப் பேச்சு?" "அல்சர் இல்லன்னு எனக்குத் தெரியும். போர்ட நான் அன்னைக்கே படிச்சிட்டேன். அத விடுங்க. எனக்குப் பெறகு தாணுவ யாரு பாப்பா?" முழங்காலைப் பிடித்திருந்த கை இறுகியது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஜன்னலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். பிறகு, "அவன் இப்பம் வீட்டுல இல்ல மொழி" என்றார்.

நான் கேட்காமலே இவர் சொல்லிக்கொண்டே போனார், தெரு முனையில் சொந்தக்காரர்களுக்குச் சொல்கிற அதே குரலில், தணிவாக. மலையடிவாரத்துல ஒரு எடம், இவன மாதிரிப் புள்ளைய நெறைய இருக்காவ, நல்லாப் பாத்துக்கிடுதாவ, நான் ரெண்டு மட்டம் போய்ப் பாத்துட்டேன். நாம பஸ் ஏறினதும் உலகம்மையும் மாப்ளையும் கார்ல கூட்டிட்டுப் போயிட்டாவ. "உன்னால அதப் பாக்க முடியாதுன்னுதான் இங்க கூட்டியாந்தேன். நீ இருக்கும்போதே அவன் அங்கன பழகிட்டான்னா" என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் விட்டார். "என்னால முடியாது, மொழி. அவன் என்னத் தொடவே விடமாட்டேங்கான். நானும் ஒரு நா விழுந்துட்டா அவன் கதி என்ன, சொல்லு." சொன்னதெல்லாம் நியாயம். அதுதான் தாங்க முடியவில்லை, ஒரு வார்த்தை அநியாயமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். அங்கே இந்நேரம் யாரோ அவனைக் குளிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், நல்ல மனசோடு எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றியிருப்பார்கள். "இப்பமே போவோம். நேரா அங்க போவோம், எந்திரிங்க" என்றேன், என் குரல் சுவரெல்லாம் மோதியது. "விடமாட்டாவ. பெத்தவியளக் கண்டா ஏங்கிப் போவானாம். ஒரு மாசத்துக்கு யாரும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ. ஒரு மாசந்தான், பெறகு ரெண்டு பேருமாப் போயி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் இவரிடம் சொன்ன கணக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் காரை ஏற்பாடு செய்து, தங்கையை ஏற்பாடு செய்து, என்னை அப்புறப்படுத்த ஒரு லைட்ஹவுஸையும் ஏற்பாடு செய்த மனிதர், இந்த ஒரு மாதத்தை மட்டும் அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது, இந்தப் படியில், என் முழங்காலைப் பிடித்தபடி பார்க்கிறார். வாய் திறந்தபடியே இருக்கிறது. "ஏளா" என்றார். என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

தலையைத் தடவிக்கொடுத்தேன், கை தானாகச் செய்கிறது. இவருக்கு நான் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன். மருந்து ஊற்றிக் கொடுப்பார், கஞ்சி ஊற்றிக் கொடுப்பார், எல்லாவற்றையும் நல்லாருக்கு என்பார், ஊர் வந்து அழும், பதினாறு நாள் கழித்துக் கலையும். தாணுவுக்கு அப்படியில்லை. அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் அவனிடம் இருக்கிற மூன்று வார்த்தையில் அது அடங்காது. இருந்தேன், இல்லை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நான் என்றைக்குச் சாகப்போகிறேன் என்று இவரும் டாக்டரும் மறைத்து மறைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அவனுக்கு நான் இன்று காலையிலேயே செத்துப்போய்விட்டேன். மேலே போன பிள்ளைகள் திரும்பி இறங்கி வருகிற சத்தம் கேட்டது, இவர் சட்டென்று எழுந்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழி விட்டார். "மேல சூப்பரா இருக்கு ஆன்ட்டி, போங்க" என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் போகும்வரை இருந்துவிட்டு இவர் என் பக்கம் கையை நீட்டி, "ஏறுவமா, எறங்குவமா?" என்றார். இறங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும். ஏறுவோம் என்றேன்.